ஐந்து ஸ்டாரும் ஒரு ஸ்டாரும்: ஒரு வாட்டர் ஃபில்டர் வாங்கிய அனுபவம்

போன மார்ச்சில் எங்கள் பழைய வாட்டர் ஃபில்டர் ஒரேயடியாக நின்றுபோனது. பெங்களூரு ஹொரமாவில் மூன்றாவது மாடி வாடகை வீடு, லிஃப்ட் கிடையாது. இருபது லிட்டர் கேனைத் தூக்கித் தூக்கி வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சரி, புதிதாகவே வாங்கிவிடலாம் என்று போனை எடுத்தேன். நான்கு ராத்திரி போனதுதான் மிச்சம்.

தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் ஒரு ஆர்.ஓ. மெஷின் பிடித்திருந்தது. முதல் ரிவ்யூவில் "தண்ணீர் தேன் மாதிரி இருக்கிறது" என்று ஐந்து ஸ்டார். அதற்குக் கீழேயே "மூன்றே மாதத்தில் மெம்பரேன் அடைத்துக்கொண்டது, யாரும் வாங்காதீர்கள்" என்று ஒரு ஸ்டார். மெம்பரேன் என்பது மெஷினுக்குள் உப்பை வடிகட்டும் சவ்வு. இன்னொருவருக்கு டீ சப்பென்று இருக்கிறதாம். ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் அதுதான் சரி என்று தோன்றியது.

கீழ்வீட்டு அக்காவுக்குச் சொந்த ஊர் சேலம். இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது. புலம்பியதைக் கேட்டுவிட்டு, "ரிவ்யூவ அப்புறம் பாரும்மா. முதல்ல உன் வீட்டுத் தண்ணி என்ன தண்ணின்னு பாரு" என்று பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரைக் கையில் கொடுத்தார். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி அது.

எங்கள் கட்டடத்தில் மூன்று விதத் தண்ணீர். 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கிய பிறகு எங்கள் தெருவுக்கும் இணைப்பு வந்தது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள்தான் வரும். மற்ற நாள் போர்வெல் தண்ணீர், அதுவும் இறங்கிவிட்டால் டேங்கர். மூன்றையும் தனித்தனி டம்ளரில் பிடித்து மீட்டரை முக்கினேன். காவேரித் தண்ணி 190-இல் நின்றது. போர் தண்ணியில் எண் ஏறிக்கொண்டே போய் 980. டேங்கர் 1,240. கெட்டிலின் அடியில் நான் வாராவாரம் எலுமிச்சை போட்டுச் சுரண்டும் வெள்ளைப் படிவம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

குடிநீருக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 10500-இன்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி ரிவ்யூக்களைத் திறந்தேன். ஸ்டாரைப் பார்க்காமல் தேடல் பெட்டியில் "போர்வெல்", "டேங்கர்", "கார்ப்பரேஷன்" என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். தேன் என்றவர் வீட்டில் கார்ப்பரேஷன் தண்ணீர். மெம்பரேன் அடைத்தவர் வீட்டில் போர். டீ சப்பென்று இருந்தவர் ஏற்கெனவே மெல்லிசான தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டு, இருந்த கொஞ்ச உப்பையும் எடுத்துவிட்டிருந்தார். மூன்று பேர் சொன்னதும் உண்மைதான். என் தண்ணீருக்குப் பொருந்தியது அந்த ஒரு ஸ்டார்காரர் சொன்னது.

அப்புறம் கழித்தல் வேலை. "இன்றுதான் வந்தது, பேக்கிங் அருமை" வகையறா எல்லாம் போனது. ஒரே பக்கத்தில் வேறு மாடலின் ரிவ்யூவும் கலந்திருந்ததால், எந்த மாடல் என்று பார்த்துத்தான் படித்தேன். "தண்ணீர் வீணாகிறது" என்ற புகாரையும் ஒதுக்கினேன். எந்த ஆர்.ஓ.வும் ஒரு பங்கு தண்ணீரை வெளியேற்றித்தான் உப்பைப் பிரிக்கும். மிஞ்சியது ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து எழுதியவர்கள். அவர்களில் பலருக்கு ஒரே குறை: சர்வீஸ் ஆள் வருவதில்லை. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டு கம்பெனிகளின் சர்வீஸ் எண்ணுக்குப் போன் போட்டு, எங்கள் பின்கோடுக்கு ஆள் உண்டா, வருஷத்துக்கு ஃபில்டர் செட் எவ்வளவு என்று கேட்டேன். முதலில் பிடித்திருந்த மெஷின் அங்கேதான் அடிபட்டது. இரண்டாவதை, வெளியே தனியாக மண், தூசியைப் பிடிக்கும் ஒரு செடிமென்ட் ஃபில்டரும் சேர்த்து வாங்கினேன்.

பெட்டிக்குள் ஒரு சீட்டு: ஐந்து ஸ்டார் போட்டு படம் அனுப்பினால் 200 ரூபாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூவைப் போடக்கூடாது என்று 2022-லேயே ஐ.எஸ். 19000 தர விதி வந்துவிட்டது. நான்கு ராத்திரி நான் குழம்பியதில் இப்படிப்பட்ட சீட்டுகளுக்கும் பங்கு இருந்திருக்கும். சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

நான்கு மாதம் கழித்துத்தான் என் ரிவ்யூவை எழுதினேன்: "ஹொரமாவு. போர், டேங்கர் கலந்த தண்ணீர், டிடிஎஸ் 1,000 சுமார். ஃபில்டரிலிருந்து வருவது 85. செடிமென்ட் ஃபில்டர் ஒருமுறை மாற்றினேன். சர்வீஸ் ஆள் போன் செய்த மூன்றாம் நாள் வந்தார். நான்கு ஸ்டார்."