பழைய தொழிற்கூடம் வாங்குமுன்: அங்கே என்ன தொழில் ஓடியது?

திருப்பூர், கோவை வட்டாரத்தில் பழைய தொழிற்கூடம் பார்க்கப் போகிறவர்கள் சதுர அடி, ரோடு அகலம், கரண்ட் லோடு மூன்றையும்தான் முதலில் விசாரிப்பார்கள். கட்டி எத்தனை வருஷம் என்பது அதற்கப்புறம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, உள்ளே என்ன தொழில் ஓடியது என்பதுதான். ஒரே வருஷத்தில் ஒரே காண்டிராக்டர் கட்டிய இரண்டு கட்டடங்களில் ஒன்றில் பனியன் தைத்தார்கள், மற்றதில் சாயம் போட்டார்கள் என்றால், 20 வருஷத்தில் இரண்டின் உடல்நிலையும் வேறாகிவிடும். எங்கே தட்டிப் பார்ப்பது, எந்தச் சோதனைக்குக் காசு செலவழிப்பது என்பதெல்லாம் அந்தத் தொழிலைப் பொறுத்தது.

சாயப்பட்டறையில் தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அதுதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்போது நின்று, பிறகு குடோனாக மாறிய கட்டடத்தில் சாயத்தின் சுவடே கண்ணில் படாது. ஆனால் பருத்தித் துணியில் சாயம் ஏற லிட்டர் தண்ணீருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவார்கள். அந்தத் தண்ணீர் தரையில் ஓடி, தூணின் அடியில் தேங்கி, காங்கிரீட்டுக்குள் ஊறியிருக்கும். சோற்றுப்பில் உள்ள குளோரைடு, காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை அடைந்ததும் அதன் மேலிருக்கும் காப்புப் படலத்தை உடைத்துவிடும். துருவின் கன அளவு இரும்பைவிடப் பல மடங்கு என்பதால் உள்ளிருந்து நெம்பி, கம்பியின் நீளத்துக்கே விரிசல் விழும்.

அதனால் தூண்களைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டங்’ என்று கெட்டியாகக் கேட்டால் சரி. ‘டொக்கு’ என்று கேட்கும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். விற்பதற்கு முன்பு புதுப் பூச்சு அடித்த இடங்களை விட்டுவிடாதீர்கள். உப்பு ஏறிய காங்கிரீட்டில் ஓர் இடத்தை மட்டும் கொத்திப் புதுக் கலவை வைத்தால், அந்த ஒட்டுக்குள் இருக்கும் கம்பி பிழைக்கும், ஒட்டின் ஓரத்தில் பழைய காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி முன்னைவிட வேகமாக அரிக்கும். ஒட்டைச் சுற்றி விரிசல் தெரிந்தால் பழுது பார்த்தும் அரிப்பு நிற்கவில்லை என்று பொருள்.

இங்கே பினால்ப்தலீன் சோதனையை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். புதிதாக உடைத்த காங்கிரீட்டில் அந்தக் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை உள்ள பகுதி ரோஜா நிறமாகும். காற்றிலுள்ள கரியமில வாயு புகுந்து காரம் போன பகுதி நிறம் மாறாது. சாதாரணக் கட்டடத்துக்கு அருமையான சோதனை, செலவும் குறைவு. ஆனால் குளோரைடு இருந்தால் காரத்தன்மை நன்றாக இருக்கும்போதே கம்பி அரிக்கும். ரோஜா நிறத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பக் கூடாது. தூணில் துளைபோட்டு 0–15, 15–30, 30–45 மில்லிமீட்டர் ஆழங்களிலிருந்து தனித்தனியாகத் தூள் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, கம்பி காங்கிரீட்டுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு கனமீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடு. லேப் அறிக்கை காங்கிரீட் எடையில் சதவீதமாக வந்தால் 24-ஆல் பெருக்குங்கள். 0.1 சதவீதம் என்பது கேட்க அற்பமாக இருக்கும், கணக்கில் அது 2.4 கிலோ, வரம்பைப் போல நான்கு மடங்கு. அதுவும் கம்பி இருக்கும் ஆழத்திலேயே அந்த அளவு என்றால், பேச வேண்டியது பூச்சு வேலையைப் பற்றியல்ல, தூணையே பலப்படுத்துவதைப் பற்றி.

மிக மோசமான இரண்டு மூன்று இடங்களில் கம்பி தெரியக் கொத்தி, துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியர் (கம்பியின் கனத்தை நுட்பமாக அளக்கும் அளவுகோல்) வைத்து அளக்கச் சொல்லுங்கள். 16 மில்லிமீட்டர் கம்பி 14 ஆகியிருந்தால் இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். குறுக்குப் பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது.

ரீபவுண்ட் ஹேமர் (காங்கிரீட்டில் மோதித் திரும்பும் வேகத்தை வைத்து அதன் கெட்டித்தன்மையைக் காட்டும் கருவி) அடித்து, “சார், ரீடிங் 40-க்கு மேல, சூப்பர் காங்கிரீட்” என்று யாராவது சொன்னாலும் அவசரப்பட வேண்டாம். கரியமில வாயு ஏறிய மேல்தோல் இறுகிவிடுவதால் பழைய கட்டடத்தில் அந்தக் கருவி கூட்டித்தான் காட்டும். சந்தேகம் இருந்தால் குறைந்தது மூன்று கோர் (துளைத்து எடுக்கும் உருளை வடிவக் காங்கிரீட் துண்டு) எடுத்து உடைத்துப் பார்ப்பதே வழி. மூன்றின் சராசரி, வடிவமைத்த தரத்தில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒன்றும் 75-க்குக் கீழே போகக் கூடாது.

கழிவுநீர்த் தொட்டிகளையும் திறந்து பாருங்கள். அடியில் கசடு கிடந்தால் பத்திரம் முடிந்ததும் அது உங்கள் கசடு. அதைக் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) பாருங்கள். குடிநீருக்கு மாற்று வழி இல்லாதபோது அனுமதிக்கும் உச்ச அளவே லிட்டருக்கு 2000 மில்லிகிராம்.

பவுண்டரி (உலோக வார்ப்படம்) ஓடிய ஷெட்டில் கவலை தலைக்கு மேலே. மணல் தூசு வருஷக்கணக்கில் கூரைத் தகட்டிலும் கட்டரிலும் (மழைநீர் வாய்க்கால்) படிந்து, மழையில் நனைந்து இறுகிவிடும். சாய்வு குறைந்த கூரைக்கு கட்டடச் சுமைகளுக்கான தர விதி ஐஎஸ் 875 வைக்கும் லைவ் லோடு (கூரையின் சொந்த எடை போக அது தாங்க வேண்டிய சுமை) சதுர மீட்டருக்கு 0.75 கிலோநியூட்டன், ஏறக்குறைய 75 கிலோ. மணல் கனமீட்டருக்கு 1500 கிலோ என்று வைத்தால் 5 சென்டிமீட்டர் படிவே அந்த 75 கிலோவைத் தின்றுவிடும். கீழே நின்று பர்லின்களை (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள்) வரிசையாக நோக்குங்கள். தொய்வு இருந்தால் கண்ணுக்கே தெரியும். உலை இருந்த இடத்துத் தூணில் பூச்சைக் கொத்தி உள்ளே நிறம் பாருங்கள். இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் 300 டிகிரிக்கு மேல் சூடு கண்ட காங்கிரீட்டாக இருக்கலாம், அங்கே கோர் எடுத்தே ஆக வேண்டும். கிரேன் இருந்தால், லோடோடு ஓடவிட்டு கேன்ட்ரி பீமின் (கிரேன் ஓடும் தண்டவாளத்தைத் தாங்கும் உத்தரம்) தொய்வை அளக்கச் சொல்லுங்கள். 50 டன் வரையிலான மின்கிரேனுக்கு, இரும்புக் கட்டுமானத்துக்கான தர விதி ஐஎஸ் 800 அனுமதிப்பது நீளத்தில் 750-இல் ஒரு பங்கு. 7.5 மீட்டர் பீமுக்கு 10 மில்லிமீட்டர்.

நூற்பாலை என்றால் வேலை சுலபம். வடக்கு வெளிச்சக் கூரையின் (வடக்குப் பக்கம் கண்ணாடி வைத்த ரம்பப்பல் வடிவக் கூரை) பள்ளக் கட்டர், அதிலிருந்து இறங்கும் பைப்பை ஒட்டிய தூண்கள், தரைக்கு அடியில் ஓடும் காற்றுக் கால்வாய் மூன்றையும் பார்த்தால் பெரும்பகுதி முடிந்தது.

எந்த இரும்பு ஷெட்டிலும் குறுக்குக் கம்பிகளை எண்ணுங்கள். லாரி நுழைய வழி வேண்டும் என்று பக்கவாட்டு பிரேசிங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது, பெருங்காற்றில்தான் ஷெட் சாயும். பேஸ் பிளேட்டின் (இரும்புத் தூணின் அடித்தகடு) மேல் தரைப்பூச்சு ஏறியிருந்தால் கொத்திப் பாருங்கள். அந்தத் தகட்டை அடித்தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் அரிப்பது அந்த ஈரத்தில்தான்.

வங்கி ஏலத்தில் வருவதாக இருந்தால் ‘உள்ளது உள்ளபடி’ என்ற நிபந்தனை இருக்கும். பார்வையிட ஒரு சில மணி நேரம்தான், துளைபோட விடுவது அபூர்வம். அப்போது சுத்தியல், டார்ச், வெர்னியர் போதும். தூண் அடி, கட்டர், பிரேசிங், தொட்டி இந்த வரிசையில் போங்கள். கோர், குளோரைடு சோதனைச் செலவையும் பலப்படுத்தும் செலவையும் மோசமான நிலையை வைத்துக் கணக்கிட்டு ஏலத் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். கூடவே மின் இணைப்பு எண்ணைக் குறித்துவந்து பாக்கியை விசாரியுங்கள். முந்தைய உரிமையாளரின் மின்பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று விதி இருந்தால் அது செல்லும் என 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆலை மூடி வருஷக்கணக்கானால் வட்டியோடு சேர்ந்து அந்தத் தொகை கூரை மாற்றும் செலவையே தாண்டலாம்.