கொம்பிரா சாமிக்கு நேர்ந்துகொண்ட 785 படிகள்

தம்பிக்குக் கப்பலில் வேலை. செங்கடல் பக்கம் சரக்குக் கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் கப்பலும் அந்த வழியாகத்தான் போனது. ஊரில் அம்மா திருச்செந்தூர் முருகனுக்குக் காசு முடிந்து வைத்தாள். ஜப்பானில், ஒகயாமாவில் இருக்கும் நான் என்ன செய்ய? பக்கத்து வீட்டுப் பாட்டிதான், "கடலில் இருக்கிற பிள்ளைக்குக் கொம்பிரா சாமியைக் கேள்" என்றார். கப்பல்காரர்களைக் காக்கும் சாமி அவர். அவன் பத்திரமாகக் கரை இறங்கினால் அவர் கோயில் இருக்கும் கொத்தோஹிராவுக்கு வந்து படியேறுகிறேன் என்று அன்றைக்கே நேர்ந்துகொண்டேன்.

பாட்டியின் கணவர் செத்தோ உள்கடலில் மீன் பிடித்தவர். அவர் படகைப் பற்றிப் பாட்டி பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது. படகு கட்டும்போதே பாய்மரம் நிற்கும் அடிக்கட்டையில் குழி வெட்டி, ஒரு பெண்ணின் தலைமுடி, ஆண் பெண் பொம்மைகள், பன்னிரண்டு காசு, இரண்டு பகடைகள் எல்லாம் வைத்துத் தச்சர் மூடிவிடுவாராம். பகடையில் ஒரு புள்ளி உள்ள முகம் வானம் பார்க்க வேண்டும், ஆறு புள்ளி முகம் கீழே இருக்க வேண்டும். அதுதான் படகைக் காக்கும் அம்மன். வலையின் நடு மிதவை மீனவர்களின் சாமியான எபிசுவுக்கு உரியது. அந்தச் சாமியே கையில் தூண்டிலும் இடுப்பில் மீனுமாகத்தானே உட்கார்ந்திருக்கிறார்! தூண்டில் கோலைத் தாண்டக் கூடாது, கடலில் இருக்கும்போது குரங்கின் பெயரைச் சொல்லக் கூடாது, உப்பில் ஊறிய உமெபோஷிக் காயைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் தண்ணீரில் துப்பக் கூடாது. கத்தி தவறிக் கடலில் விழுந்தால் நாகராஜாவிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கடலுக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்த வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

தம்பி பத்திரமாகக் கரை இறங்கினான். நான் கிளம்பும்போது பாட்டி கோயிலில் வாங்கிய தாயத்துப் போன்ற ஒரு பழைய காப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கணவர் படகில் தொங்கவிட்டிருந்தது. கோயிலிலேயே திருப்பிச் சேர்க்க வேண்டும், முட்டி வலியால் முடியவில்லை, நீ கொண்டுபோ என்றார்.

ரயில் செத்தோ பெரும்பாலத்தின் மேல் போகும்போதே கீழே படகுகளைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன். கொத்தோஹிராவில் இறங்கியதும் அந்த அமைதி போய்விட்டது. படிகள் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கடைகள். "பையை இங்கே வைத்துவிட்டுப் போங்கள், கைத்தடி இலவசம்" என்று கூப்பிட்டுக் கையில் திணிக்கிறார்கள். சரி, நல்ல மனசு என்று வாங்கினால், திரும்பி வரும்போது ஏதாவது வாங்காமல் விடமாட்டார்கள் என்று பிறகுதான் தெரிகிறது. போதாததற்குக் கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் பேருந்துக் கூட்டம். படிக்குப் படி நின்று படம் எடுத்துக்கொண்டால் நேர்ச்சைக்காரர்கள் எப்படி ஏறுவது?

365ஆம் படியில் பெரிய வாசல். அதைத் தாண்டினால் ஐந்து வெள்ளைக் குடைகளின் கீழ் மிட்டாய் விற்கிறார்கள். கோயில் எல்லைக்குள் விற்கும் உரிமை அந்த ஐந்து குடும்பங்களுக்கு மட்டும்தான், தலைமுறை தலைமுறையாக. இவர்கள் யாரையும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. சற்று மேலே கொம்பிரா நாயின் சிலை. அந்தக் காலத்தில் வர முடியாதவர்கள் நாயின் கழுத்தில் பை கட்டி, வளர்ப்பவர் பெயரும் காணிக்கையும் அதன் சாப்பாட்டுச் செலவுக்குக் காசும் வைத்து அனுப்பிவிடுவார்களாம். வழிப்போக்கர்கள் கை மாற்றிக் கை மாற்றி அதைச் சாமியிடம் கொண்டுவந்து சேர்ப்பார்களாம். பாட்டியின் காப்பு என் பையில் இருந்தது. நாயாரே, உம் வேலையைத்தான் நானும் பார்க்கிறேன் என்று தடவிக் கொடுத்தேன்.

628ஆம் படியில் இருக்கும் அசாஹிஷா மண்டபத்தின் வேலைப்பாட்டைப் பார்த்து, இதுதான் மூலக்கோயில் என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டாம். என் கால்களும் அப்படியே நினைக்கச் சொல்லிக் கெஞ்சின. கடைசி 133 படிகள் செங்குத்து. மூச்சு வாங்கியது, கண் இருட்டியது. சாமி பேரைச் சொல்லிக்கொண்டே ஏறினேன்.

சன்னதியில் விக்கிரகம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மூங்கில் திரை, அதற்குள் இருட்டு. கங்கையின் முதலையான கும்பீரன்தான் புத்த மதத்தோடு இங்கே வந்து கொம்பிரா ஆனார் என்பார்கள். 1868க்குப் பிறகு, அரசு புத்த வழிபாட்டையும் ஜப்பானின் சொந்த மதமான ஷின்தோவையும் பிரித்ததில், ஓமோனோநுஷி என்ற பெயரில் வழிபடுகிறார்கள். எந்தப் பெயரானால் என்ன? இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கைதட்டி நின்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வேண்டுதல் ஒன்றும் வரவில்லை. "வந்துட்டான் சாமி" என்று மட்டும்தான் வாயில் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பின்னால் நின்ற அம்மாள் காத்திருந்து, நகரச் சொல்லாமல், தானும் என்னோடு சேர்ந்து குனிந்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

பழைய காப்பைச் சேர்த்துவிட்டுப் பாட்டிக்குப் புதிதாக ஒன்று வாங்கினேன். மஞ்சளில் சாயமேற்றிய நூலில் நெய்தது. இவ்வளவு தூரம் வந்தும் மஞ்சள்தான் காப்பு!

பக்கத்தில் காணிக்கைப் படங்கள் வைக்கும் மண்டபம் முழுக்கக் கப்பல்கள்: மீன்படகு, எண்ணெய்க் கப்பல், சூரிய ஒளியில் பசிபிக்கைக் கடந்த ஒரு படகு. 1990இல் விண்வெளிக்குப் போன ஜப்பானியருக்காக வைத்த படமும் இருக்கிறது. வந்து கும்பிட முடியாத கப்பல்காரர்கள் காணிக்கையை ஒரு பீப்பாயில் போட்டுக் கொடி கட்டிக் கடலில் விட்டுவிடுவார்களாம். அலையில் அதைக் கண்டெடுப்பவர் தொடாமல் கொண்டுவந்து கோயிலில் சேர்ப்பார். சேர்த்தவருக்கும் அருள் உண்டு. தம்பியின் கப்பலுக்கு வழிகாட்டியவர்கள், காவல் நின்றவர்கள் என்று நான் பெயர்கூட அறியாதவர்கள் எத்தனை பேர்! திரும்பவும் சன்னதிக்குப் போய் அவர்களுக்காகவும் கைதட்டினேன்.

உள்சன்னதி 1368ஆம் படியில் இருக்கிறது. நான் நேர்ந்துகொண்டது மூலக்கோயில் வரையுள்ள 785தான். போகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள், பேருந்துக் கூட்டம் வருவதற்குள். கைத்தடியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.