சுவாஹிலியில் நலம் விசாரித்து விடைபெறப் பழகுகிறேன்

வேலை நிமித்தம் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரத்தில் இருக்கிறேன்; இங்கே பேச்சு மொழி சுவாஹிலி. அலுவலகத்தில் ஆங்கிலத்தை வைத்தே காலம் தள்ளிவிடலாம். டாலாடாலா மினி பஸ்ஸிலும் கரியாகோ சந்தையிலும் அது நடக்காது. முழு மொழியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மரியாதையாகப் பேச்சைத் தொடங்கவும் முடிக்கவும் வரட்டும் என்று அதை மட்டும் கையில் எடுத்தேன்.

எல்லோருக்கும் தெரிந்த வெறும் 'ஜாம்போ'வை ஆரம்பத்திலேயே ஓரங்கட்டிவிட்டேன். அது சுற்றுலா வந்தவர்களுக்கான வணக்கம். ஒருவரிடம் 'ஹுஜாம்போ' என்றால் பதில் 'சிஜாம்போ'. பலராக இருந்தால் 'ஹம்ஜாம்போ', 'ஹதுஜாம்போ'. அன்றாடம் அதிகமாகக் காதில் விழுவது 'ஹபாரி'தான், அதாவது 'என்ன சேதி'. காலையில் 'ஹபாரி ஸா அசுபுஹி', வேலையைப் பற்றி 'ஹபாரி ஸா காஸி', வீட்டைப் பற்றி 'ஹபாரி ஸா ன்யும்பானி'. எதைக் கேட்டாலும் பதில் 'ந்ஸூரி' அல்லது 'சலாமா'. காய்ச்சலாகவே இருந்தாலும் முதலில் நலம் என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

பெரியவர்களுக்கு 'ஷிகமோ'. கடைசி 'ஓ'வைக் கொஞ்சம் இழுக்க வேண்டும். அவர்கள் 'மரஹபா' என்பார்கள். எங்கள் குடியிருப்புக் காவலாளி அறுபதைத் தாண்டியவர். தினமும் 'ஷிகமோ, ம்ஸே' (ம்ஸே என்றால் பெரியவரே) என்று நான்தான் தொடங்குவேன். 'மரஹபா' என்றபடி கதவின் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டே இரவு எப்படி, வீடு எப்படி, வேலை எப்படி என்று அவர் வரிசையாகக் கேட்க, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லித் திருப்பிக் கேட்பேன். இத்தனையும் முடிந்த பிறகுதான் பார்சல் ஏதாவது வந்ததா என்ற பேச்சே. இந்த வரிசை இப்போது யோசிக்காமல் வருகிறது. பக்கத்து வீட்டுப் பையன் எனக்கு 'ஷிகமோ' சொல்லிவிட்டு 'மரஹபா' வரும்வரை நகராமல் நிற்பதுதான் இன்னும் கூச்சமாக இருக்கிறது. அவ்வளவு வயதாகிவிட்டதா எனக்கு!

அலுவலகத்து இளைஞர்களிடம் இதெல்லாம் எடுபடாது. 'மாம்போ' என்பார்கள், 'போவா' என்றால் முடிந்தது. வீட்டு வாசலில் நின்று 'ஹோடி' என்று குரல் கொடுப்பதும், உள்ளிருந்து 'கரிபு' வரும்வரை காத்திருப்பதும் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது 'போலே ந காஸி' என்று அவர் உழைப்புக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லப் பழகியது நல்ல பலன் தந்தது. மரத்தடியில் சோறு விற்கும் அம்மா அன்றுமுதல் என்னிடம் நின்று பேசுகிறார்.

உச்சரிப்பில் ஒரு விஷயம். அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில். 'கரிபு'வில் 'ரி' அழுந்தும். பலரை வரவேற்கும்போது 'னி' சேர்ந்து 'கரிபுனி' ஆகும், உடனே அழுத்தம் 'பு'வுக்குத் தாவிவிடும். நன்றி சொல்லும் 'அசாந்தே'யும் விடைபெறும் 'க்வஹேரி'யும் இதேபோல் 'அசாந்தேனி', 'க்வஹேரினி' ஆகும். நம் 'வாங்க', 'போங்க' நினைவில் ஒருவருக்கும் 'னி' போடத் தோன்றும். போடக்கூடாது, அது பன்மைக்கு மட்டும். மரியாதையை 'ம்ஸே', 'மாமா' போன்ற விளிகள் பார்த்துக்கொள்ளும். இங்கே 'மாமா' என்றால் அம்மா. கோயம்புத்தூர்க்காரனான எனக்கு ஒரு பெண்ணை அப்படிக் கூப்பிட நாக்கு வர நாளாயிற்று.

விடைபெறுவதில் இன்னும் பாதிக் கிணறுதான். 'க்வஹேரி' மட்டும் சொல்லிக் கிளம்புவது மொட்டையாக இருக்கிறது. 'ஹயா, பாதாயே' (சரி, அப்புறம் பார்ப்போம்) என்றோ, 'துதஓனானா' (மறுபடி சந்திப்போம்) என்றோ சேர்த்தால்தான் நம் 'போயிட்டு வர்றேன்' மாதிரி மனம் நிறைகிறது. இரவில் 'உசிகு ம்வேமா', தூங்கப் போகிறவருக்கு 'லாலா சலாமா', பயணம் போகிறவருக்கு 'சஃபாரி ன்ஜேமா'. இவை வந்துவிட்டன. போனில்தான் தடுமாற்றம். இரு பக்கமும் மாறி மாறி 'ஹயா', 'ஹயா' என்று போய்க்கொண்டே இருக்கும்; எந்த 'ஹயா'வில் வைப்பது என்று பிடிபடவில்லை. இப்போதைக்கு எதிராளி வைக்கும்வரை நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.