குழிந்த முகம் சுழலும் திசை

மார்ச் 4

திருவிழாக் கடையில் வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் முகமூடிக்கு இருபுறமும் வெள்ளைச் சாயம் பூசி, கேக் அலங்கரிக்கும் சுழல்தட்டில் நிறுத்தினேன். மகள் மெதுவாகச் சுற்ற, நான் பத்தடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். முன்புறம் தெரியும்வரை முகம் தட்டோடு சேர்ந்தே திரும்பியது. குழிந்த உட்புறம் வந்ததும் அதுவும் புடைத்த முகமாகத் தோன்றி, எதிர்த்திசையில் திரும்பத் தொடங்கியது. “ஏன்மா மாற்றிச் சுற்றுகிறாய்?” என்று கேட்டேவிட்டேன். “ஒரே பக்கமாத்தான் சுத்துறேன், அப்பா” என்றாள்.

மார்ச் 5

உட்புறத்தில் மூக்கு, விளிம்பைவிடத் தொலைவில் இருக்கிறது. ஆனால் நாம் இதுவரை பார்த்த முகங்கள் அனைத்திலும் மூக்கு முன்னால் நீண்டிருந்ததால், பார்வை அந்தக் குழியை மேடாகவே எடுத்துக்கொள்கிறது. அருகில் உள்ள புள்ளி வலப்பக்கம் நகர்வதும் தொலைவில் உள்ள புள்ளி வலப்பக்கம் நகர்வதும் எதிரெதிர்ச் சுழற்சிகள். ஆகவே மேடுபள்ளம் இடம்மாறினால் சுழலும் திசையும் மாறியே தீரும். பார்வை என்பது மூளை முன்வைக்கும் கருதுகோள் என்று வாதிட்ட பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் கிரிகரிக்கு இம்முகமூடி முக்கியச் சான்றாக இருந்தது. விரலால் தடவிக் குழியென்று உறுதிசெய்துகொண்ட பிறகும் என் கண் இணங்கவில்லை என்பதுதான் என்னை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறது.

மார்ச் 7

பார்வை ஆய்வாளர் அடெல்பர்ட் ஏம்ஸ், சுழலும்போது இருபுறமும் ஊசலாடுவதுபோல் தோன்றும் தமது சரிவகச் சன்னலில் ஒரு கோலைச் செருகிச் சுழற்றியதை நினைத்து, முகமூடியின் வாய்த்துளையில் ஓர் ஈர்க்குச்சியைச் செருகினேன். குச்சி தட்டின் திசையில் போக, முகம் எதிர்த்திசையில் வர, குச்சி கன்னத்தை அறுத்துக்கொண்டு போவதுபோல் தெரிந்தது. முகமூடியைத் தலைகீழாக நிறுத்தியபோது இந்தத் தோற்றமயக்கம் தளர்ந்தது. தலைகீழான முகங்களோடு நமக்குப் பழக்கம் குறைவு.

மார்ச் 10

உளவியலாளர்கள் மேகி ஷிஃப்ராரும் ஜெனிஃபர் ஃப்ரெய்டும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உடலின் இரு நிலைகளைக் காட்டும் படங்கள் மாறிமாறிக் காட்டப்பட்டன. படங்களுக்கு இடையிலான நேர இடைவெளி மிகக் குறைவாக இருந்தபோது கை உடலை ஊடுருவி நேர்வழியில் செல்வதாகவும், இடைவெளி கூடியபோது உடலைச் சுற்றிச் செல்வதாகவும் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. உடலைப் பற்றிய அறிவு அங்கே சற்று அவகாசம் கேட்கிறது. ஆனால் என் முகமூடியை எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் திசை திருந்தவில்லை. கடைசியில் இரு கண்களையும் திறந்தபடி அடியடியாக நெருங்கினேன். கை நீட்டினால் தொடும் தொலைவில் முகம் உள்வாங்கிக் குழியாகி, தட்டின் திசைக்கு வந்தது. பின்வாங்கியதும் மீண்டும் புடைத்தது.