இது என்ன திங்கும்?

என் அம்மாவைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை ஜீவராசிகள்தான். கொடுத்ததைச் சாப்பிடுபவை ஒரு வகை. என் மகன் இன்னொரு வகை.

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை அமெரிக்காவின் சான் டியாகோவில் கடல் பிராணிகளைக் காட்டும் சீ வேர்ல்டு பூங்காவுக்குக் கூட்டிப்போகலாம் என்று யோசனை சொன்னது என் வீட்டுக்காரர். மூன்று தலைமுறையாகச் சுத்த சைவம். நான் மீன் பொரிக்கிற நாளில் மொட்டை வெயிலிலும் பால்கனியில்தான் குடியிருப்பார். மீன் வாடைக்கென்றே ஓர் ஊர் இருப்பது தெரியாமல், "மாமாவுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று டிக்கெட் போட்டுவிட்டார்.

காரில் போகும்போது அந்த இடத்தின் வரலாற்றை எடுத்துவிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்த நான்கு பேர் சேர்ந்து 1964 மார்ச்சில் திறந்தார்களாம். முதலில் அவர்கள் போட்ட திட்டமே தண்ணீருக்கு அடியில் ஓர் ஓட்டலாம். அது சரிப்பட்டு வராமல்தான் மீன் காட்சி ஆனதாம்.

"அப்ப மீனை முதல்ல வறுக்கத்தான் வாங்கியிருக்கானுவ" என்றார் அம்மா. அந்த வினாடியிலிருந்து அன்றைய சுற்றுலா சாப்பாட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

முதலில் தொட்டுப் பார்க்கும் குளம். வௌவால் திருக்கைகள் ஓரமாக மிதந்து வந்தன. அம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஒன்றின் முதுகை மெதுவாகத் தடவினார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி உருகிப்போய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. "நல்ல இளசு. பூண்டு நிறையத் தட்டிப் போட்டு வைக்கணும்" என்றுதான் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது என்ன திங்கும்?" அப்பா கேட்டார். சிப்பிகளை ஓட்டோடு பல்லால் நொறுக்கி, ஓட்டைத் துப்பிவிட்டுச் சதையைத் தின்னும் என்றேன்.

"கேட்டியா ராசா? ஓட்டையே கடிக்குது. உனக்கு மொறுமொறு தோசை வாய்ல குத்துதாம்!"

மகன் காதில் வாங்கவில்லை.

பெங்குவின் கூடத்தில் அப்பாவைக் கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது. துறைமுகம் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதியே ரிட்டயர் ஆன மனிதர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குவிந்து கிடந்த ஐஸைப் பார்த்ததும், வேலைக்குத் திரும்பச் சேர்ந்துவிட்டவர் போல் நிமிர்ந்து நின்றார். எத்தனை பார் இருக்கும், கரன்ட் என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டார். அங்கே விளக்கு வெளிச்சத்தை அண்டார்டிக் பருவத்துக்கு ஏற்றபடி மாற்றுகிறார்கள். வெளியே ஜூன் வெயில், உள்ளே குளிர்கால இருட்டு. பேரரசர் பெங்குவின்கள் அரைத் தூக்கத்தில் நின்றன. சொந்த ஊரான அண்டார்டிகாவில் ஆண் பெங்குவின் முட்டையைக் காலில் வைத்து அடைகாக்கும், 100 நாளுக்கு மேல் எதுவும் தின்னாது என்று நான் ஆரம்பித்ததுமே அம்மா என் வாயைப் பொத்தினார்.

"சும்மா இரு. இவன் காதுல விழுந்துரப் போவுது."

விழுந்துவிட்டது. "நானும் பெங்குவின்" என்று கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

கடல் சிங்கங்களுக்குத் தீனி போட ஒரு தட்டு மீன் வாங்கினோம். சாளைக்குப் பங்காளி போலச் சின்ன மீன்கள். மகன் ஐஸ்க்ரீம் வண்டியைப் பார்த்து ஓட, நான் பின்னால் ஓட, அப்பா அம்மா நல்ல இடம் பிடிக்க முன்னால் ஓட, தட்டு வீட்டுக்காரர் கையில் தங்கிவிட்டது. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கையை மறு பக்கம் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்த ஊர்க் கொக்குகளுக்கு ஆள் பார்க்கத் தெரியும். ஒன்று சாவகாசமாக நடந்து வந்து, ஒவ்வொரு மீனாகச் சாப்பிட்டு முடித்தது. "எவ்வளவு சமத்தா வாங்கிச் சாப்பிட்டுச்சு!" என்றார் கண்ணைத் திறந்த வீட்டுக்காரர். எதிரே கடல் சிங்கங்கள் போட்ட கூச்சலில் நியாயம் இருந்தது.

இதே இடத்தில் ஜே.ஜே. என்றொரு சாம்பல் திமிங்கிலக் குட்டியை வளர்த்த கதையை அம்மாவிடம் சொன்னேன். 1997 ஜனவரியில் தாயைப் பிரிந்து கரை ஒதுங்கியது. வரும்போது முக்கால் டன். அரைத்த மீன், பால்பொடி, க்ரீம், வைட்டமின் எல்லாம் கலந்து புகட்டி, அடுத்த ஆண்டு மார்ச்சில் கடலில் விட்டபோது எட்டரை டன்னுக்கும் மேல். அம்மாவின் கண் பனித்துவிட்டது. "வளத்தா இப்படி வளக்கணும்" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கடைசியாக ஓர்க்கா என்கிற கொலைகாரத் திமிங்கிலம். பழைய ஆட்டம்பாட்டமெல்லாம் 2017 ஜனவரியோடு போய், இப்போது அது எப்படி வேட்டையாடும், எப்படிப் பேசிக்கொள்ளும் என்று விளக்குகிறார்கள். இனப்பெருக்கத்தையும் 2016-லேயே நிறுத்திவிட்டதால் இவைதான் இங்கே கடைசித் தலைமுறை. அவ்வளவு பெரிய உடம்பைத் தொட்டிக்குள் பார்க்க எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். அம்மாவுக்கு உறுத்தியதோ வேறு. சொன்னபடி செய்ததும் பயிற்சியாளர் விசில் ஊதுகிறார். அது வாயை 'ஆ'வென்று திறக்கிறது. கை நிறைய மீன் உள்ளே போகிறது.

"ஒரு நாளைக்கு எவ்ளோ?" அப்பா.

"60 கிலோ, 100 கிலோகூட ஆகும்."

"அடம் பிடிக்காம?" அம்மா.

கார் நிறுத்தியிருந்த இடத்தில் தயிர்சாத டப்பாவைத் திறந்த அம்மா, "ஏங்க, விசில் அடிங்க" என்றார். லாரி ரிவர்ஸ் எடுக்க ஐஸ் கம்பெனி வாசலில் விசில் அடித்தே பழகிய வாய் அப்பாவுக்கு. இரண்டு விரலை மடித்து ஓர் அடி அடித்தார். நாலு கார் தள்ளி நின்ற குடும்பம் திரும்பிப் பார்த்தது. மகன் 'ஆ' என்றான். உருண்டை உள்ளே போனது. டப்பா காலி ஆகும்வரை விசில் நிற்கவில்லை. நடுவே வீட்டுக்காரரும் வாயைத் திறந்து பார்த்தார். "மாப்பிள்ளைக்கு வீட்ல இருக்கு" என்று அம்மா சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை அடுப்பில் பருப்பு வைத்திருந்தேன். ஹாலில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் மூன்று முறை வாயைத் திறந்து மூடினான். குக்கர் அப்போதுதான் மூன்றாவது விசில் விட்டிருந்தது.