பெருங்குடல் ரத்தக்கசிவுக்கு காயில் (coil) வைத்த அனுபவம்

மலத்தில் ரத்தம் என்றால் மூலம்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். எனக்கு வந்தது அதுவல்ல. வலியே இல்லை, அடர் சிவப்பில், கட்டி கட்டியாக ரத்தம் மட்டும் போனது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. மருத்துவமனையில் ரத்தம் ஏற்றி, கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தார்கள். பெருங்குடல் சுவரில் டைவர்டிகுலா எனப்படும் சின்னச் சின்னப் பைகள் நிறைய இருந்தன. எந்தப் பை கசிகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கசிவு விட்டு விட்டு வரும். நின்றிருக்கும் நேரத்தில் படம் எடுத்தால் ஒன்றும் அகப்படாது. ரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேனில் தெரியவே நிமிடத்துக்கு 0.3 முதல் 0.5 மில்லியாவது கசிந்துகொண்டிருக்க வேண்டுமாம். "மறுபடி போனா உடனே சொல்லுங்க, காலை ரவுண்ட்ஸ் வரைக்கும் காத்திருக்காதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நள்ளிரவில் போனது. நர்ஸிடம் சொன்னதும் கட்டிலோடு ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வலப்பக்கக் குடலில் கசியும் இடம் தெரிந்துவிட்டது.

அங்கிருந்து நேராக ஆஞ்சியோ அறை. முழு மயக்கம் தரவில்லை. தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி மட்டும். அந்த வழியாக ஒரு குழாயைக் குடலுக்குப் போகும் தமனி வரை ஏற்றி, அதனுள் அதைவிட மெல்லிய குழாயை விட்டு, கசியும் கிளையைத் தேடினார்கள். ரத்தக் குழாய் படத்தில் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தைப் பாய்ச்சும் போதெல்லாம் வயிற்றுக்குள் வெந்நீர் ஓடுவது போல இருந்தது. "மூச்சைப் பிடிங்க... அசையாதீங்க... விடுங்க." வயிறு அசைந்தால் படம் கலங்கிவிடும். திரையில் கசிவு ஒரு கறுப்புத் திட்டாக ஊறிப் பெரிதாவதை நானே பார்த்தேன். காயில் எனப்படும் மெல்லிய உலோகச் சுருளை வைத்து அந்தக் கிளையை அடைத்தபின் எடுத்த படத்தில் அது இல்லை.

ரத்த ஓட்டத்தை அடைத்தால் குடல் கெட்டுப்போகாதா என்று முன்பே கேட்டிருந்தேன். அந்த ஆபத்து கொஞ்சம் உண்டு, அதனால்தான் கசிவுக்கு மிக அருகே போய் அந்தச் சின்னக் கிளையை மட்டும் அடைக்கிறோம், சுற்றியுள்ள கிளைகள் குடலுக்கு ரத்தம் கொடுக்கும் என்றார் ரேடியாலஜிஸ்ட். பிறகு காலை மடக்காமல் பல மணி நேரம் படுத்திருந்ததுதான் பெரும்பாடு. வயிற்று வலி இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அப்புறம், காயில் உள்ளேயே இருக்கும். அதன் விவரத்தை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; எம்ஆர்ஐ எடுக்கப் போனால் கேட்பார்கள்.