கல்யாணப் பத்திரிகையின் பின்புறத்தில் ஆங்கிலச் சொற்கள்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டில், நோட்டின் இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் வலப்பக்கம் தமிழ்ப் பொருளுமாக நாளொன்றுக்கு இருபது சொற்கள் எழுதி, இரவில் அவற்றை உரக்க வாசித்து வந்தேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தவையாகவே தோன்றின. ஒரு வாரம் கழித்து வகுப்பில் வாக்கியம் அமைக்கச் சொன்னால் அவற்றில் ஒன்றும் வாயில் வராது. கண்ணுக்குப் பழகியதை மனத்தில் பதிந்ததாக எண்ணியிருந்தேன்.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து மறதியை அளந்து, 1885இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது என்பதும், ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள்களை இடைவிட்டுப் படிப்பதே நிலைக்கிறது என்பதும் அவர் கண்டவை. இதை அறிந்த பின் நோட்டை விட்டுவிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுகளாக வெட்டி, அட்டைப் பெட்டி ஒன்றை மூன்று அறைகளாகத் தடுத்துக்கொண்டேன். பொருளைச் சொல்லிவிட்ட பிறகே சீட்டைத் திருப்ப வேண்டும். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, கடைசியை வாரம் ஒருமுறை பார்ப்பேன்.

ஆனால் சீட்டில் என்ன எழுதுகிறோம் என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ‘பாரோ’, ‘லெண்ட்’ இரண்டுக்கும் என் நோட்டில் ‘கடன்’ என்றே எழுதியிருந்ததால், பேனா இரவல் கேட்கும்போதுகூட எதைச் சொல்வது என்று திகைத்தேன். ‘பாரோ’ என்பது இரவல் வாங்குவது, அதன்பின் ‘ஃப்ரம்’ வரும். ‘லெண்ட்’ என்பது இரவல் கொடுப்பது, அதன்பின் ‘டு’ வரும். அதுபோலவே, ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்னும் நம் வழக்கால் ‘டிஸ்கஸ்’ என்பதோடு ‘அபௌட்’ ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அது தேவையில்லை. ஆகையால் சொல்லைத் தனியே எழுதாமல், அது உடன் அழைத்து வரும் சொற்களோடு முழு வாக்கியமாகவே எழுதுகிறேன்.

இப்போது அந்தப் பெட்டியில் என் தம்பி படிக்கிறான். நாளுக்கு எட்டுச் சொற்களுக்கு மேல் அவனை எடுக்க விடுவதில்லை. ‘ரிமெம்பர்’ (நினைவில் வைப்பது), ‘ரிமைண்ட்’ (பிறருக்கு நினைவூட்டுவது) என்னும் இரு சீட்டுகளும் பலமுறை முதல் அறைக்குத் திரும்பியபடியே இருந்தன. சென்ற வாரம் அவன் ‘ரிமைண்ட்’ சீட்டில் பழைய வாக்கியத்தை அடித்துவிட்டு, ‘ரிமைண்ட் அம்மா டு டேக் ஹெர் டேப்லெட்’ என்று எழுதினான். அந்தச் சீட்டு இன்று மூன்றாவது அறையில் இருக்கிறது.